காம்பு கிள்ளிய வெற்றிலை

அத்தியாயம் 17

நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் சம்பத் வாயே திறக்கவில்லை. பஸ்ஸில் இருந்த யாருக்கும் அது புதிதுமில்லை. மனைவி ரூபா போன இரண்டு வருஷமாக அவன் பேசுவதெல்லாம் வகுப்பில்தான். அதுவும் பாடம்.

கதையோடு கூடவே வந்துகொண்டிருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். இன்றைக்குத்தான் ஏறியவர்களுக்காக நாலு வரி. சம்பத் கட்டியது சொந்த அக்கா சுலோசனாவின் மகளை. தாய்மாமன் முறை. அவர்களுக்குப் பிறந்தவள் அகிலா, வயது ஏழு. உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத தலசீமியா நோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, முகம் தெரியாத யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய அம்மா ரூபா டெங்குவில் போய்விட்டாள். குழந்தைக்கு நிரந்தரமான வழி ஒன்றே ஒன்று: பொருந்துகிற ஒருவரின் எலும்பு மஜ்ஜை. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அகிலாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. வெளியாட்கள் பட்டியலில் ஆறு மாதம் தேடியும் ஒருவரும் பொருந்தவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒன்று நடந்தது. ஊசி குத்தும்போது குழந்தை அழாமல் இருக்க டாக்டர் விஜயராகவன் பேச்சுக் கொடுத்தார்.

"உன் கூட வந்திருக்கறது யாரு பாப்பா?"

"எங்க ஆயா."

"அம்மாவோட அம்மாவா?"

"ஆமா. எங்க நைனாவோட அக்காவும் இவங்கதான்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். கோப்பைப் புரட்டினார். பெற்றோர் ரத்த உறவா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. கையெழுத்து சம்பத்துடையது.

"சார், நீங்க எந்த சப்ஜெக்ட் லெக்சரர்?"

"ஜுவாலஜி."

டாக்டர் கோப்பை மூடினார். சம்பத்தின் அம்மா, கூடப்பிறந்தவர்கள் எல்லாருடைய ரத்தமும் வேண்டும் என்று மட்டும் சொன்னார். அக்கா சுலோசனா அன்றைக்கே கையை நீட்டினாள், அம்மா அந்த வாரமே. தங்கை தரணி மறுநாள், தான் வேலை பார்க்கும் வார்டு அலுவலகமான சச்சிவாலயத்தில் அரைநாள் லீவு போட்டு, வீட்டுக்குத் தெரியாமல் வந்து கொடுத்துவிட்டுப் போனாள். தெரியாமல் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு காரியமும் இன்றைக்கு ஒரே நாளில் வந்து முட்டிக்கொண்டன. காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட். மத்தியானம் மூன்று மணிக்குத் திருச்சானூரில் தட்டு மாற்றுவது.

"பட்டுப் பொடவைய நீ மடியில வெச்சிக்கோ. மேல வெச்சா எவனாவது கூடைய தூக்கி அது மேல வெப்பான்" என்றாள் சுலோசனா.

"வெச்சிக்கினுதான்கா இருக்கேன்" என்றாள் தரணி.

அகிலா முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அத்தை, ஒரு டவுட்டு. நீ நைனாவுக்குத் தங்கச்சி. அதனால அத்தை. ஆனா எங்கம்மாவுக்கு நீ சித்திதானே. அப்ப நான் உன்னை சின்ன ஆயான்னுதானே கூப்பிடணும்?"

"கூப்ட்டுப் பாரு. சாக்லெட் கெடையாது."

"உங்கம்மா இவள சித்தின்னு கூப்ட்டதே இல்ல. ரெண்டு வயசு சின்னவள எப்பிடி சித்தின்றதுன்னு மூஞ்ச தூக்கி வெச்சிக்குவா" என்றாள் சுலோசனா.

சம்பத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வடமாலப்பேட்டை டோல்கேட் வந்தது.

* * *

குழந்தைக்கு ரத்தம் ஏற ஆரம்பித்தது. நர்ஸ் அவள் கையைப் பலகையில் வைத்துக் கட்டிவிட்டு, டி.வி.யில் கார்ட்டூனைத் திருப்பிவிட்டாள். சுலோசனாவையும் தரணியையும் சம்பத்தையும் டாக்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளும், நாலு நிறமும் ஒன்றாக இருக்கிற ஒரு பேனாவும் இருந்தன.

"சாருக்கு இதெல்லாம் தெரியும். நான் அம்மாவுக்காகச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "நம்ம உடம்புல ஒவ்வொரு உயிரணுவுலயும் ஒரு அடையாளச் சீட்டு இருக்கு. அது ரெண்டு பாதி. ஒண்ணு அப்பா கொடுத்தது. ஒண்ணு அம்மா கொடுத்தது. நாம நம்ம பிள்ளைக்குத் தர்றப்போ ஒரு பாதிதான் தர முடியும். எதைத் தர்றதுன்னு நம்ம கையில இல்லை."

இதே வாக்கியத்தை எட்டு வருஷமாக எட்டு செட் பிள்ளைகளுக்குச் சம்பத் சொல்லியிருக்கிறான். பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்று அடிக்கோடு போடவும் சொல்லியிருக்கிறான்.

டாக்டர் இரண்டு வட்டம் போட்டார்.

"உங்க நைனா நாகபூஷணம். அவருக்கு சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணுன்னு வச்சுக்குவோம். உங்கம்மா ரத்னம்மா. பச்சை, கருப்பு. அவங்க பெத்தது மூணு பேர். சம்பத் சாருக்கு வந்தது சிவப்பும் பச்சையும். சுலோசனாம்மாவுக்கு நீலமும் கருப்பும்."

சுலோசனா தாளை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப எனக்கும் இவனுக்கும் ஒண்ணுமே ஒத்துப்போவலயா?"

"இந்தச் சீட்டுல போகலை."

"அதான் சின்ன வயசுலேர்ந்து சண்டை."

தரணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு சார் கொடுத்தது சிவப்பு" என்று டாக்டர் தொடர்ந்தார். "ரூபா கொடுத்தது கருப்பு. அது உங்ககிட்ட இருந்து ரூபாவுக்குப் போனது. உங்களுக்கு உங்கம்மா தந்தது. ரூபா ரத்தத்தை நான் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டியதில்லை. அவங்க தந்துட்டுப் போனது எதுன்னு பாப்பாகிட்ட எழுதியிருக்கு."

சம்பத் அந்தக் கருப்புக் கோட்டைப் பார்த்தான். நீளம் ஒரு அங்குலம் இருக்கும்.

"ஆக, பாப்பா சிவப்பு கருப்பு. சிவப்பும் கருப்பும் ஒண்ணா வச்சிருக்கற ஆள் வேற யாராவது இருந்தா, அவங்க மஜ்ஜையை பாப்பா உடம்பு தன்னோடதுன்னே எடுத்துக்கும்."

டாக்டர் மூன்றாவது பிள்ளைக்கு ஒரு வட்டம் போட்டார். பேனாவின் சிவப்பை அழுத்தி ஒரு கோடு. அப்புறம் கருப்பை அழுத்தி ஒரு கோடு.

"தரணி. பத்துக்குப் பத்து."

சம்பத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். 

"சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்றான் சம்பத்.

"பத்துக்குப் பத்து பொருத்தம் சார். உலகம் பூரா தேடினோம். ஆளு நகரியில இருந்திருக்காங்க." டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரூபா வெளியிலேர்ந்து வந்த பொண்ணா இருந்திருந்தா, அவங்க தந்த பாதி உங்க கூடப்பிறந்தவங்ககிட்ட இருந்திருக்காது. நோய் எந்த வழியில வந்ததோ அதே வழியில பொருத்தமும் வந்திருக்கு. இதைக் கேட்டுட்டு எல்லாரும் அக்கா பொண்ணையே கட்டுங்கன்னு ஊர்ல போய் சொல்லிடாதீங்க."

சுலோசனா தரணியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். டாக்டர் அது முடியும்வரை காத்திருந்தார்.

"இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, தலசீமியா தரணிக்கும் மைனரா, பாதி அளவுக்கு இருக்கு."

"நம்ம வீட்டுல மைனர் எங்க சின்ன மாமா ஒருத்தர்தான்னு நெனச்சேன்" என்றாள் தரணி. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்களுக்கு இதனால ஒண்ணும் இல்லைம்மா. தாராளமா மஜ்ஜை கொடுக்கலாம். ஆனா நீங்க கட்டிக்கப் போறவர் கட்டாயம் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கணும். அவருக்கும் மைனர் இருந்தா, பிறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு பாப்பா மாதிரி ஆகறதுக்கு இருக்கு. ரெண்டாவது விஷயம் அவசரம். சென்னையில பதினெட்டாந்தேதிக்கு ஒரு படுக்கை காலியாகுது. கொடுக்கறவங்க பேரை இன்னைக்கு சாயந்திரம் ஆறு மணிக்குள்ள நான் சொல்லணும். இல்லேன்னா அடுத்தது நாலு மாசம். பாப்பா ஈரல்ல இரும்பு சேர்ந்துகிட்டே போகுது. நாலு மாசம் வேண்டாம்னு நினைக்கறேன்."

மூன்று பேரும் தரணியைப் பார்த்தார்கள். அவள் மடியிலிருந்த பட்டுப்புடவைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை. கிஷோர். அவனும் சொந்தம்தான். நாகபூஷணத்தின் தங்கை தனபாக்கியத்தை, ரத்னம்மாவின் தம்பி வேங்கடாசலத்துக்குக் கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அவர்களுடைய ஒரே பிள்ளை அவன்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் சுலோசனா குரலைத் தாழ்த்தினாள்.

"தட்டு மாத்தினப்புறம் சொல்லலாம்டி. நாலு மணிக்குள்ள மாத்திடுவாங்க. அஞ்சு மணிக்கு டாக்டருக்கு போன் பண்ணு. யாருக்குத் தெரியப்போவுது?"

"மறைச்சி கட்டிக்கறதாக்கா?"

"யாரு மறைக்கல? நம்ம தெருவுல எத்தினி பேரு ஃபிட்ஸை மறைச்சி, சுகரை மறைச்சி கட்டிக் குடுக்கல?" அவள் சம்பத் பக்கம் திரும்பினாள். "ஆறு மாசம் முன்னாடியே நம்ம ரத்தத்தை கேட்டிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. அப்ப இவளுக்கு மாப்பிள்ளையும் பாக்கல. அந்த டாக்டரு ஏன் கேக்கல?"

சம்பத் சுவரில் சாய்ந்தான்.

"நான்தான்கா காரணம். ரத்த சொந்தமான்னு ஃபாரத்துல கேட்டிருந்தாங்க. இல்லைன்னு எழுதினேன்."

"ஏன்?"

"கவுண்ட்டர்ல இருந்தது என் பழைய ஸ்டூடண்ட். மேனரிகமா சார், சொந்தத்துல கட்டினதான்னு கேட்டா. நெருங்கின சொந்தத்துல கல்யாணம் வேணாம்னு அவளுக்கு பாடம் நடத்தினவன் நான்."

சுலோசனா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"என் பொண்ண கட்டிக்கினது உனக்கு வெக்கமாடா?"

"கல்யாணம் வெக்கம் இல்லக்கா. எல்லாம் தெரிஞ்சவன் ஒரு டெஸ்ட் பண்ணாம கட்டிக்கினேனே, அதான் வெக்கம்."

"அம்மா ஆறு வருஷமா என்னை இன்னா சொல்லுதுன்னு உனக்குத் தெரியுமில்ல. சத்தியவேட்டு ரத்தம், உன் புருஷன் வீட்டு ரத்தம், அதான் கொழந்தைக்கு ஒட்டலன்னு. நீ அதையும் கேட்டுக்கினு சும்மா இருந்த."

சம்பத் சுவரை விட்டு நகர்ந்தான். உள்ளே போய், நர்ஸிடம் அந்த விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினான். 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டான். திரும்பி வந்தபோது தரணி குழந்தையின் படுக்கையோரம் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் கேட்டுவிடலாம். 'கொடு' என்று ஒரு சொல். அந்தச் சொல் அவன் வாயில் வரவில்லை. இந்தப் பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டதே போதும் என்று தோன்றியது.

அவளே பேசினாள்.

"ஆறு மணி வரைக்கும் இருக்குதில்லண்ணா. கொஞ்சம் டைம் குடு."

"சரி."

"நாலு வருஷமாண்ணா. நானும் கிஷோரும். வீட்ல இப்பதான் தானா பேச்சு வந்தது."

"தெரியும்."

"தெரியுமா?"

"நகரி ரயில்வே ஸ்டேஷன்ல பாத்தேன். போன வருஷம்."

"பாத்துட்டு ஒண்ணும் கேக்கலயே."

"நான் எதைத்தான் கேட்டேன்" என்றான் சம்பத்.

* * *

திருச்சானூரில் ஒரு லாட்ஜின் முதல் மாடி ஹால். நாற்பது நாற்காலி, ஒரு ஜமுக்காளம், நடுவில் இரண்டு தட்டு. அம்மன் தரிசனம் முடித்துக்கொண்டு ரத்னம்மா முன்னமே வந்திருந்தாள். எதிர்ப்பக்கம் தனபாக்கியம், வேங்கடாசலம், கிஷோர். கிஷோர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தரணி பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்ததும் அவன் காது சிவந்துபோனது.

புது ரத்தம் ஏறிய தெம்பில் அகிலா ஹாலை நாலு தரம் சுற்றிவந்தாள்.

"புள்ளைய புடிச்சி ஒக்கார வைங்க. மணி நாலாவுது. நல்ல நேரம் அஞ்சு வரைக்கும்தான்" என்றாள் தனபாக்கியம். தட்டைத் தூக்கக் கையை வைத்தாள்.

"இருங்க அத்தை" என்றாள் தரணி.

சுலோசனா அவள் புடவையை இழுத்தாள். தரணி அந்தக் கையை எடுத்து அக்காவின் மடியிலேயே வைத்தாள்.

"தட்டு மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லணும். அகிலாவுக்கு என் மஜ்ஜை பொருந்துது. இன்னைக்குதான் தெரிஞ்சிது. ரெண்டாவது, அகிலாவுக்கு இருக்கற வியாதி எனக்குப் பாதி இருக்குது. வெளிய தெரியாது. டெஸ்ட்லதான் தெரியும்."

ரத்னம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். 

"பாதி வியாதியா?" என்றாள் தனபாக்கியம். "அத தட்டு முன்னாடி வந்து சொல்றியே, நீ நல்ல பொண்ணுதான். மஜ்ஜைன்னா எலும்புல ஓட்ட போட்டு எடுக்கறதுதானே? கல்யாணம் முடியட்டும். குடுக்கலாமா வேணாமான்னு அப்புறம் நான் சொல்றேன்."

"கல்யாணம் தையில அத்தை. கொழந்தைக்கு பதினெட்டாந்தேதி."

"நாளைக்குப் புள்ள பெக்கணும்டி. வேற யார்னா கெடைக்க மாட்டாங்களா? ஒலகத்துல ஆளா இல்ல?" தனபாக்கியம் சம்பத்தின் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, படிச்சவன் நீ சும்மா ஒக்காந்துக்கினு கீறியே. இவ ஒடம்புக்கு ஒண்ணும் ஆவாதுன்னு காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்றியா?"

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண இந்தப் பக்கத்தில் யாருக்கும் தைரியம் வராது. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

சம்பத் எழுந்தான்.

"ஒண்ணுமே ஆகாதுன்னு பண்ண மாட்டேன் அத்தை. இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுப்பாங்க. மயக்க மருந்து உண்டு. நாலு நாள் வலிக்கும். எடுத்தது சில வாரத்துல தானா ஊறிடும். புள்ள பெக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரொம்ப அபூர்வமா சிக்கல் வரலாம்னு டாக்டர் சொன்னாரு. இதுதான் உண்மை. இதுக்கு மட்டும் சத்தியம் பண்றேன்."

"மத்ததுக்கு?"

"அந்தப் பாதி வியாதி யாருக்கு இருக்குன்றதை சத்தியத்துல கண்டுபிடிக்க முடியாது. இப்பிடி வா, காட்டறேன்."

அவன் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தட்டிலிருந்து வெற்றிலைகளை எடுத்தான். ஒன்றின் காம்பைக் கிள்ளினான்.

"ஏய், மங்கலத் தட்டுடா" என்றாள் ரத்னம்மா.

"போடறதுக்கு முன்னாடி எப்பிடியும் கிள்ளத்தானே போறோம்மா." இரண்டு இலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒன்று முழுசு, ஒன்று கிள்ளியது. "இது நைனா. அம்மாவுக்கு இல்லைன்னு டெஸ்ட்ல வந்துடுச்சு, அதனால வியாதி இவர் வழிதான்."

"செத்தவர தட்டுல ஏண்டா வெக்கற?" என்றாள் தனபாக்கியம்.

"உன் அண்ணன்தானே. கோச்சுக்க மாட்டாரு. ஒவ்வொரு ஆளுகிட்டயும் ரத்தம் ஊற வைக்கிற எழுத்து ரெண்டு இருக்கும். ரெண்டு எலை மாதிரி. ஒண்ணு கிள்ளினதா இருந்தா ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. நைனா எழுபது வயசு வரைக்கும் தறி ஓட்டினாரு. ஆனா புள்ளைங்களுக்குக் குடுக்கறப்ப ரெண்டுல ஒண்ணுதான் போகும். அக்காவுக்குக் கிள்ளினது போச்சு. எனக்கும் கிள்ளினது. தரணிக்கும் கிள்ளினது."

"மூணு பேருக்கும் கிள்ளினதேவா?" என்றார் வேங்கடாசலம். அதுவரை அவர் பேசவில்லை. "மச்சான் நல்ல எலைய யாருக்கு எடுத்து வெச்சாரு?"

"பூவா தலையா போட்டா மூணு தடவையும் பூ விழறதில்லையா மாமா. அப்பிடித்தான். சரி, அக்கா அந்தக் கிள்ளினதை ரூபாவுக்குக் குடுத்தா. ரூபா அதை அகிலாவுக்குக் குடுத்தா. நான் என்கிட்ட இருந்ததைக் குடுத்தேன்."

இன்னொரு இலையையும் கிள்ளி, இரண்டையும் குழந்தையின் முன்னால் வைத்தான்.

"ரெண்டும் ஒரே புள்ளைகிட்ட. நல்ல எலை ஒண்ணுகூட இல்ல. இதான் வியாதி. நைனாவோட ஒரே எலை ரெண்டு வழியா சுத்திக்கினு வந்து இங்க சேந்துடுச்சு. சத்தியவேட்டு ரத்தம் ஒரு தப்பும் பண்ணலம்மா. நம்ம வீட்டு ரத்தம்தான். பாடம் நடத்தின எனக்கு டெஸ்ட் பண்ணிக்கத் தோணல. ஆஸ்பத்திரியில ரத்த சொந்தமான்னு கேட்டதுக்கு இல்லைன்னு பொய் எழுதினேன். ஆறு மாசம் போச்சு. அது என் தப்பு."

இரண்டு வருஷத்தில் அவன் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. ரத்னம்மா சுலோசனாவின் பக்கம் திரும்பினாள். உதடு அசைந்தது.

"உன் புருஷன் வீட்ட எப்பிடியெல்லாம் திட்டினேனேடி" என்றாள்.

"அத வீட்டுக்குப் போய் பேசலாம்மா" என்றாள் சுலோசனா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப நீ அத்தை" என்றான் சம்பத்.

"நான் இன்னாடா?"

"நைனாவுக்கு அந்தக் கிள்ளின எலை உங்க அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோதான் வந்திருக்கும். கூடப்பிறந்தவ உனக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. உனக்கு இருந்தா கிஷோருக்கும் பாதிக்குப் பாதி."

"என் புள்ளைக்கா?" தனபாக்கியம் நிமிர்ந்தாள். "அவன் ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல."

"தரணி படுத்தாளா? பாத்தா தெரியாது அத்தை. அதான் சொல்றேன்."

ஹாலில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நல்ல நேரம் போகிறது என்று ஒருத்தர். இதெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கணும் என்று இன்னொருத்தர். தரணி எழுந்து சம்பத்திடம் வந்தாள்.

"அண்ணா, போனைக் குடு."

கொடுத்தான். அவளே எண்ணைத் தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள். சத்தம் அடங்கியது.

"டாக்டர் சார், தரணி பேசறேன். நாகபூஷணத்தோட பொண்ணு. வயசு இருபத்தாறு. கொடுக்கறவங்க பேருன்னு என் பேரை எழுதிக்குங்க. பதினெட்டாந்தேதி வந்துடறேன்."

"வீட்ல எல்லாருக்கும் சம்மதமாம்மா?"

தரணி ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எலும்பு என்னோடது சார். எனக்கு சம்மதம்."

"சந்தோஷம். இப்பவே சென்னைக்குச் சொல்லிடறேன்" என்றது போன்.

மணி நாலு நாற்பது. பதினெட்டாந்தேதிப் படுக்கை அகிலாவின் பெயருக்கு ஆகிவிட்டது.  சம்பத் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். மார்புக்குள் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது போலிருந்தது. என்னவென்று அவனுக்கே உடனே பிடிபடவில்லை. சந்தோஷம்தான் அது. பழகி நாளாகிவிட்டது.

தனபாக்கியம் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"என்னை ஒரு வார்த்த கேக்கலயே."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க அத்தை. நாளைக்கு அதே வீட்டுக்கு வந்து நான் உங்க மூஞ்ச எப்பிடிப் பாக்கறது?" என்றாள் தரணி. "இப்ப பாக்கலாம். தட்டு மாத்தறதும் மாத்தாததும் உங்க இஷ்டம்."

கிஷோர் எழுந்தான். முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தான்.

"எங்கடா?" என்றாள் அம்மா.

"வர்ற வழியில ஒரு லேப் பாத்தேன். எங்க கம்பெனியில ஒரு ஸ்க்ரூவைக்கூட டெஸ்ட் பண்ணாம வெளிய விடமாட்டோம். நானும் போய் டெஸ்ட் பண்ணிக்கினு வந்துடறேன்."

"ஒக்காருடா." தனபாக்கியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைத் தேடினாள். "எனக்கு மொதல்ல எடுக்கட்டும். எங்கண்ணன் வெச்ச எலை என்கிட்ட கீதா இல்லையான்னு நானே பாத்துக்கறேன். அப்புறந்தான் உனக்கு."

* * *

லேப் ஒரு சின்ன அறை. ரத்தம் எடுக்கிற பெண் தலையை நிமிர்த்தியபோது வாசலில் பட்டுப்புடவையும் மல்லிகையுமாக ஒரு கும்பல் நின்றது. தனபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்து வளையல்களை முழங்கை வரைக்கும் தள்ளினாள். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளிக்கவில்லை. கிஷோர் சுளித்தான். தரணி பார்த்துவிட்டாள்.

"ஸ்க்ரூ கத்தாது" என்றாள்.

வேங்கடாசலம் தனக்கும் எடுக்கச் சொன்னார். என் பக்கம் சுத்தம்தான் என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். மூன்று குழாய், மூன்று பெயர்.

"ரெண்டு பேருக்கும் இருந்தா?" என்று தனபாக்கியம் சம்பத்திடம் கேட்டாள். பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். "எம்புள்ளைக்கும் இவளுக்கும்?"

"அப்பவும் வழி இருக்குது அத்தை. கர்ப்பமான பதினோராவது வாரத்துலயே பாத்து தெரிஞ்சிக்கலாம்."

"அந்த வழிய திங்கக்கிழம ரிப்போர்ட் வந்தப்புறம் சொல்லு. தட்டும் அதுவரைக்கும் உங்க வீட்லயே இருக்கட்டும். இன்னைக்கு ஒரு நல்ல சேதி வந்துடுச்சு. அத கெடுத்துக்காம இருப்போம்." அவள் அகிலாவை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். "பதினெட்டாந்தேதி நானும் வர்றேன். இவ மயக்கம் தெளிஞ்சி எழுந்தா பக்கத்துல பெரிய மனுசி ஒருத்தி வேணுமில்ல."

 கிஷோர் மேசைமேல் இருந்த மூன்று குழாய்களையும் பார்த்தான். அப்புறம் தரணியைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ரத்தம் எடுத்த பெண் பெயர்களை எழுதி முடித்துவிட்டுத் தெலுங்கு கலந்து கேட்டாள், "பெள்ளியா? யாருக்கு?" கல்யாணமா என்று கேட்கிறாள்.

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அகிலாதான் முன்னால் வந்து பதில் சொன்னாள்.

"பெள்ளி இருக்குதா இல்லையான்னு திங்கக்கிழமதான் தெரியும். எனக்கு எங்க அத்தை கெடைச்சாச்சு."